காட்டுப் புகையிலை: பெயர் மறைந்த ஒரு மலைச்செடி

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, கவிஞர்கள் நிறைந்த அவையில் கவிதையைப் பற்றியே எழுதுவது முறை என்றுதான் முதலில் எண்ணினேன். பின்னர், கவிதைக்கும் முற்பட்டதான ஒரு செயலைப் பற்றி எழுதலாம் எனத் துணிந்தேன். அது பெயரிடுதல் என்னும் செயல். கண்ட பொருளுக்கு ஒரு சொல்லைத் தந்த முதல் மனிதனே முதற்கவிஞன் எனலாம். அவன் தந்த பெயர் மறைந்து, அவ்விடத்தில் வேறொரு பெயர் வந்து அமர்ந்தால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை தேட ஒரு செடியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் இன்றைய பெயர் காட்டுப் புகையிலை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவியருடன் கல்விச் சுற்றுலாவாகக் கொடைக்கானல் மலைக்குச் சென்றிருந்தோம். சாலையோரப் புல்வெளிச் சரிவில் ஆள் உயரத்துக்கும் மேலாகச் சில செடிகள் காய்ந்து கருத்து நின்றன. கடற்கரையில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி அவற்றுள் ஒரு தண்டை ஒடித்தாள். உள்ளே துளையாக இருக்கக் கண்டு, குழல்போல் ஊதிப் பார்க்க வாயருகே கொண்டுபோனாள். விறகு சுமந்து வந்த பெரியவர் ஒருவர் சுமையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "அதை வாயில வைக்காதம்மா, அது காட்டுப் புகையிலை" என்றார். மாணவி சிரித்துக்கொண்டே, "புகையிலைதானே தாத்தா! எங்க பாட்டி தினமும் வெத்தலையோட போடுறாங்களே" என்றாள். "இது அது இல்லம்மா" என்று சொல்லித் தண்டைப் பிடுங்கி எறிந்தார் அவர்.

'புகையிலைதானே' என்ற அந்தச் சொல்லில் இருந்த தேற்றமும் எளிமையும் என்னை வெகுநாள் விடவில்லை. பெரியவர் எச்சரிப்பதற்காகச் சொன்ன பெயரே அம்மாணவியின் அச்சத்தைப் போக்கிற்று. ஒரு பெயர் இவ்வாறு இருபுறமும் வெட்டும் வாளாக ஆனது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகையிலையின் வருகை

புகையிலை நம் மண்ணுக்கு உரியதன்று. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின்னரே பிற கண்டங்கள் அதனை அறிந்தன. போர்த்துக்கல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ 1560ஆம் ஆண்டு வாக்கில் அதனைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயராலேயே அது தாவரவியலில் 'நிக்கோடியானா' எனவும், அதன் நஞ்சு 'நிக்கோட்டின்' எனவும் வழங்கலாயிற்று.

இந்தியாவுக்கு அதனைக் கொணர்ந்தோர் போர்த்துக்கீசியர். தென்னாட்டில் பரவிய பின்னரே அது வடக்கே சென்றது. பிஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் அக்பரின் அவையில் புகையிலையையும் புகைக்குழலையும் காட்டிய செய்தி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு உரியது. 1617இல் ஜகாங்கீர் புகைத்தலைத் தடை செய்து ஆணையிட்டார். ஆணைக்கு அடங்கும் பொருளாக அது அன்றும் இருக்கவில்லை.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே காலூன்றினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. இடைப்பட்ட நூற்றாண்டில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல தமிழில் குடியேறின. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பாதிரி என்பன அவற்றுட் சில. ஆனால் 'தபாக்கு' என்ற சொல்லைத் தமிழ் ஏற்கவில்லை என்பது உற்று நோக்கத்தக்கது. வட இந்திய மொழிகள் 'தம்பாக்கு' என்று அச்சொல்லையே ஏற்றன. தமிழ் 'புகை' என்பதையும் 'இலை' என்பதையும் கூட்டித் தனக்கென ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டது. மலையாளத்தின் புகயில, கன்னடத்தின் ஹொகெசொப்பு, தெலுங்கின் பொகாக்கு ஆகிய அனைத்தும் இவ்வழியில் அமைந்தனவே. பொருளைப் பிறரிடம் பெற்றபோதும் பெயரைத் தானே தரும் ஆற்றல் அன்றைய மொழிக்கு இருந்தது.

தூது சென்ற இலை

வந்த சில நூற்றாண்டுகளுக்குள் புகையிலை தமிழர் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இலக்கியச் சான்று ஒன்று போதும். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' அது. பழனி முருகன்மேல் காதல் கொண்ட தலைவி, புகையிலையைத் தூது விடுப்பதாக அமைந்த நூல். டாக்டர் உ.வே.சாமிநாதையர் ஏட்டிலிருந்து பதிப்பித்ததால் அது நமக்குக் கிடைத்தது.

தூதுக்கு உரியனவாகப் பாட்டியல் மரபு கூறுவன அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்து. இவ்வரிசையில் கடல் கடந்து வந்த ஓர் இலை இடம்பெற்றது வியப்பே. அதனினும் வியப்பு, புலவர் அவ்விலைக்குக் கற்பித்த தொன்மம். மும்மூர்த்திகளிடையே ஒரு வழக்கு எழுகிறது. தேவர் அவையினர் வில்வத்தைச் சிவனிடமும், துளசியைத் திருமாலிடமும், இப்புதிய இலையைப் பிரமனிடமும் கொடுத்து மறுநாள் கொண்டுவரப் பணிக்கின்றனர். வில்வத்தைக் கங்கையும் துளசியைப் பாற்கடலும் கொண்டுபோய்விடுகின்றன. கலைமகளிடம் கொடுத்து வைத்த பிரமனின் இலை மட்டும் எஞ்சுகிறது. மற்றவர் பத்திரங்கள் போயின, தன்னுடையது 'போகையிலை' என்று பிரமன் சொன்னதே 'புகையிலை' என்று ஆயிற்றாம்.

இச்சொல்லாராய்ச்சியை நாம் நகைச்சுவையாகவே கொள்ள வேண்டும். எனினும் அதன் உட்பொருள் நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. நேற்று வந்த ஒரு பொருளுக்கு வில்வத்தோடும் துளசியோடும் ஒப்ப வைக்கத்தக்க ஒரு பழமை தேவைப்பட்டது. புலவர் அதனைச் செய்து தந்தார். புகையிலை அயல்வரவு என்பதைத் தமிழர் மறந்துபோகும் அளவுக்கு அது உள்நாட்டுப் பொருள் ஆகிவிட்டது.

வாணிகமும் அதற்குத் துணை நின்றது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அங்கே அதன் விற்பனை அரசின் தனியுரிமையாக இருந்து கருவூலத்தை நிரப்பியது. 1863இல் திவான் மாதவராவ் காலத்தில்தான் அத்தனியுரிமை நீக்கப்பட்டது.

மலையில் முன்னரே இருந்த செடி

இனி நம் மலைச்செடிக்கு வருவோம். காட்டுப் புகையிலை என்று மலைமக்கள் சுட்டும் செடி, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் உயர்நிலங்களிலும் இயற்கையாக வளர்வது. நீலகிரி, பழனிமலை, நம் தாமிரவருணி பிறக்கும் பொதிகைத் தொடர் ஆகியவற்றின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் காணலாம். இருவர் உயரத்துக்கும் வளரக்கூடியது. நீண்ட இலைகள் புகையிலையின் இலைகளை நினைவூட்டுவன. கிள்ளினால் பால் வடியும். உச்சியில் நீண்ட கதிராக வெண்ணிறத்திலோ வெளிறிய ஊதாவிலோ பூக்கும். பூத்துக் காய்த்த பின் செடி கருத்துக் காய்ந்து, துளைத்தண்டாக நெடுநாள் நிற்கும்.

தாவரவியலில் அதன் பெயர் 'லொபீலியா நிக்கோடியானிஃபோலியா'. செர்மானிய அறிஞர் ரோத் இட்ட இப்பெயர் 1819இல் நூலேறிற்று. 'நிக்கோடியானாவின் இலையை ஒத்த இலையுடைய லொபீலியா' என்பது பொருள். ஆக, ஊர்ப்பெயர், நூற்பெயர் இரண்டும் புகையிலையைக் கொண்டே இச்செடியை அடையாளம் காட்டுகின்றன. ஆயினும் இரண்டும் உறவுச் செடிகள் அல்ல. புகையிலை கத்தரிக் குடும்பத்தது. லொபீலியா அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஒற்றுமை இலையின் தோற்றத்திலும் நெடியிலும் மட்டுமே.

இங்கேதான் நம் சிந்தனைக்குரிய செய்தி உள்ளது. செடி இம்மலைகளுக்கு உரியது, புகையிலையோ வந்தேறியது. 'காட்டுப் புகையிலை' என்ற பெயர் புகையிலையை அறிந்த பின்னரே தோன்றியிருக்க இயலும். எனவே அப்பெயருக்கு நானூறாண்டுகளுக்கு மேல் வயதில்லை. அதற்கு முன்னரும் மலையில் மக்கள் வாழ்ந்தனர். புல்வெளியில் வெண்கதிர் நீட்டி நிற்கும் ஒரு செடியை, அதுவும் நஞ்சுடைய ஒரு செடியை, அவர்கள் பெயரிடாமல் விட்டிருப்பர் என்று கொள்ள முடியாது. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிய கபிலரின் நிலம் அது. ஆகவே வேறொரு பெயர் இருந்தது. புதுப்பெயர் அதனை மூடிவிட்டது.

இவ்வூகத்துக்கு அண்டை மொழி ஒன்று துணை செய்கிறது. சகியாத்திரியின் வடபகுதியில் மராத்தியர் இதே செடியைத் 'தேவநள்' என்றும் 'தவள்' என்றும் அழைப்பர். 'நளம்' என்பது துளையுள்ள தண்டு. 'தவளம்' என்பது வெண்மை. செடியைப் பார்த்தவன் செடியைக் கொண்டே இட்ட பெயர்கள் இவை. எம் மாணவி ஊத முனைந்த துளைத்தண்டும், உச்சியில் பூக்கும் வெண்கதிரும் அப்பெயர்களில் உள்ளன. தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வழங்கும் பெயரிலோ செடி இல்லை, புகையிலையே இருக்கிறது.

மிளகாயும் காட்டுப் புகையிலையும்

இம்மாற்றம் எத்துணை அரிது என்பதை அறிய, அமெரிக்காவிலிருந்து வந்த பிற பயிர்களின் பெயர்களை ஒப்புநோக்க வேண்டும். புதிதாய் வந்த காரக்காயைப் பழைய மிளகின் பெயரால் 'மிளகாய்' என்றோம். மண்ணுக்குள் காய்த்த புதுப்பயிரை நாம் அறிந்த கடலையின் பெயரால் 'நிலக்கடலை', 'வேர்க்கடலை' என்றோம். வள்ளிக்கிழங்கின் பெயரால் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பெயர்பெற்றன. இங்கெல்லாம் வீட்டிலிருப்பவர் பெயரை விருந்தினருக்குத் தந்தோம். அதுவே இயல்பு.

காட்டுப் புகையிலையில் இது தலைகீழாயிற்று. விருந்தினர் பெயரை வீட்டிலிருந்தவர்மேல் ஏற்றினோம். மிளகாய் வந்தபின் மிளகைக் 'கொடி மிளகாய்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தால் எவ்வாறு இருக்கும்? அத்தகையதே இது. புகையிலை மக்கள் வாயிலும் வாணிகத்திலும் நினைவிலும் பெற்ற பேராட்சியே இதற்குக் காரணம் எனலாம்.

மருந்தும் நஞ்சும்

பெயர் மறைந்தாலும் பயன் மறையவில்லை. இழுப்பு, மார்புச்சளி ஆகியவற்றுக்கு இதன் இலைச்சாற்றை மிகச் சிறிய அளவில் வழங்கும் வழக்கம் மலைநாட்டு மருத்துவத்தில் இருந்தது. தேள்கடிக்கும் கண்ணோய்க்கும் வேரைப் பயன்படுத்தினர். பூச்சிகளை அழிக்கவும் செடி உதவியது. 1890 முதல் 1893 வரை தொகுதிகளாக வெளிவந்த 'பார்மகோகிராஃபியா இண்டிகா' என்னும் பெருநூல் இச்செடியின் காரத்தன்மையைப் பதிவு செய்துள்ளது. உலர்ந்த செடியைக் கையாளும்போது எழும் தூள் மூக்கையும் தொண்டையையும் புகையிலைத் தூள்போலவே உறுத்தும். விதைகளோ கொடிய நஞ்சு.

இவ்விளைவுக்கு முதற்காரணம் 'லொபீலின்' என்னும் காரப்பொருள். அது உடலில் நிக்கோட்டின் பற்றும் இடங்களையே பற்றுகிறது. சிறிதளவில் மூச்சைத் தூண்டும். சற்று மிகுந்தால் குமட்டல், வாந்தி, வியர்வை, நடுக்கம். மேலும் மிகுந்தால் வலிப்பும் நினைவிழப்பும் சாவும் நேரலாம். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதே இச்செடியின் பெருங்கேடு. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் அதன் வீறு மாறுபடும். இலையை எண்ணி அளவிடும் வீட்டு மருத்துவத்துக்கு அது கட்டுப்படாது.

இதன் உறவுச்செடி ஒன்றின் கதை இதனை விளக்கும். வட அமெரிக்காவில் வளரும் ஒரு லொபீலியாவுக்கு அங்குள்ளோர் இட்ட வழக்குப் பெயர் 'இந்தியப் புகையிலை' என்பதாகும். அங்கும் புகையிலையின் பெயரே! சாமுவேல் தாம்சன் என்னும் நாட்டு மருத்துவர் அதனை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கொடுத்துப் புகழ் பெற்றார். அவரிடம் மருந்துண்டவர் ஒருவர் இறந்தமைக்காக 1809இல் கொலைக்குற்றம் சாட்டப்பெற்று, பின் விடுதலையானார். 1921இல் செர்மானிய வேதியியலார் ஹைன்ரிக் வீலண்டு லொபீலினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சைத் தூண்டும் ஊசியாகவும் அது ஒரு காலத்தில் பயன்பட்டு, பின்னர்க் கைவிடப்பட்டது. புகைப்பழக்கத்தை மறக்கச் செய்யும் மாத்திரையாகவும் விற்கப்பட்டது. அப்பயனுக்குச் சான்றில்லை என்று 1993இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து அமைப்பு அம்மாத்திரைகளின் விற்பனையை நிறுத்தியது. புகையிலையின் பெயரைச் சுமந்த செடி, புகையிலைக்கு மாற்றாகவும் நிற்க முயன்று தோற்றது.

பெயரின் பொறுப்பு

நஞ்சுடைய செடிகளுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் ஓர் இலக்கணத்தைப் பின்பற்றினர். உண்ணத்தகாத கசப்பும் நஞ்சும் உடையவற்றுக்குப் 'பேய்' என்னும் அடையைத் தந்தனர். பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்குமட்டி என்ற பெயர்களைக் கேட்ட குழந்தையும் கையை இழுத்துக்கொள்ளும். 'காட்டு' என்னும் அடையோ இடத்தைச் சுட்டுவதன்றி இயல்பைச் சுட்டுவதில்லை. காட்டுமல்லி மணக்கும், காட்டாமணக்கின் விதையைத் தின்ற பிள்ளைகள் வாந்தியெடுத்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுவர். இரண்டுக்கும் அடை ஒன்றே.

மஞ்சள் அரளியை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் நாம் நஞ்சென்று முன்பே அறிந்த அரளியின் பெயரை அதற்குத் தந்தோம். அதனால் பழைய எச்சரிக்கை புதிய மரத்துக்கும் உரியதாயிற்று. காட்டுப் புகையிலைக்கு நேர்ந்தது இதற்கு எதிர். பாட்டியின் வெற்றிலைப்பெட்டியில் இருக்கும் ஒரு பொருளின் பெயரைத் தந்ததனால், மலையின் நஞ்சு வீட்டுப் பொருளாகத் தோன்றிற்று.

சிக்கல் இத்துடன் நிற்கவில்லை. சமவெளியின் தரிசுகளிலும் ஆற்றோரங்களிலும் களையாக வளரும் புகையிலை இனச்செடிகளையும் 'காட்டுப் புகையிலை' என்றே சிலர் சொல்வர். அவை உண்மையிலேயே நிக்கோடியானா இனத்தவை. அமெரிக்காவிலிருந்து வந்து பரவியவை. அவற்றுள் சிறுமரமாக வளரும் ஒருவகையின் இலையைக் கீரையென்று கருதிச் சமைத்துண்டு உலகின் சில பகுதிகளில் மக்கள் மாண்டுள்ளனர். ஆக, ஒரே பெயரின் கீழ் மலைச்செடியும் களைச்செடியும் நிற்கின்றன. ஒருவர் சொல்லும் மருத்துவக் குறிப்பு மற்றவர் செவியில் வேறு செடியைக் குறிக்கும். ஏட்டிலோ அச்சிலோ 'காட்டுப் புகையிலை இலைச்சாறு' என்று கண்டு ஒருவர் கைமருத்துவம் செய்ய முற்பட்டால், அவர் பறிப்பது எதுவென்று யார் அறிவார்? எதுவாயினும் கேடே விளையும்.

புகையிலையும் தீங்கற்றதன்று என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். வெற்றிலையோடு சேரும்போது வாய்ப்புற்றுக்கு வழிகோலுவது அது. ஈரமான புகையிலை இலைகளைப் பறிக்கும் தொழிலாளர் தோல்வழியே நிக்கோட்டின் ஏறி மயங்கி விழுவதும் உண்டு. பழகிய நஞ்சை நஞ்சென்று கருதாத மனம்தான் 'புகையிலைதானே' என்று சொல்ல வைக்கிறது. மெல்லக் கொல்லும் ஒன்றின் பெயர், விரைந்து கொல்லக்கூடிய ஒன்றுக்குத் திரையாகிவிட்டது.

நிறைவாக

மில்லர்புரத்தில் நாம் கூடும் மாலைகளில் சொல்லைப் பற்றியே மிகுதியும் பேசுகிறோம். புதுச்சொல் படைப்பதில் நமக்குள்ள ஆர்வம், இருந்த சொல் மறைவதைக் கவனிப்பதிலும் வேண்டும் என்பதே இவ்வரலாறு எனக்குக் கற்பித்த பாடம். சீனிச்சர்க்கரைப் புலவர் வந்த இலைக்கு ஒரு பழமையை ஆக்கித் தந்தார். அவர் பாடிய முருகனின் பழனிமலைத் தொடரிலேயே நின்ற செடியின் உண்மையான பழமையைப் பேணித் தர எவரும் இல்லாமற் போயினர்.

மலைமக்களின் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணி நம் கல்லூரிகளில் இன்னும் பெருக வேண்டும். செடியின் படத்தோடும், ஊரோடும், சொன்னவர் விளக்கத்தோடும் அப்பெயர்கள் பதிவாக வேண்டும். தாமிரவருணியின் நீரை நாள்தோறும் பருகும் நமக்கு, அது பிறக்கும் மலையின் சொற்களோடும் உறவு உண்டு. கவிஞர்கள் விடுமுறைக்கு மலையேறும்போது காட்சியை மட்டுமன்றிப் பெயர்களையும் கேட்டுக் கொண்டுவரலாம்.

அன்று அந்தப் பெரியவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'உங்கள் பாட்டன்மார் இதை எப்படிச் சொல்வார்கள் ஐயா?' என்று கேட்டிருக்க வேண்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று மாணவியரை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். "இது அது இல்லம்மா" என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் நிற்கிறது. அது எது என்று சொல்லும் சொல்லை நாம் இனித் தேடியாக வேண்டும்.